கூரை எழுத்து

வெண்ணந்தூர்
8-12-1981

அன்பு மகன் அப்புசாமிக்கு, அப்பா எழுதுவது.

நானேதான் எழுதுகிறேன். யாரையும் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்திருக்கிறார்கள். ராஜம்மாள் டீச்சர் சொல்லிக்கொடுக்கிறார். இந்த அறுபத்து மூன்று வயதில் எனக்குக் கடிதம் எழுத வந்துவிட்டது. ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது ஆகிறது. ஆகட்டும்.

உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். "ஏனுங்க, எழுதறீங்களா, ஆடு புடிச்சுக் கட்டறீங்களா? ஒண்ணொண்ணையும் இந்தப் பாடு படுத்தறீங்களே" என்கிறாள். சிரிக்கட்டும். 'ழ' போட்டு முடிக்கும்போது எனக்குள் வருகிற சந்தோசத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது?

இதுவரை தபால்காரரிடம் சொல்லித்தான் உனக்குக் கடிதம் எழுதினேன். அவர் முன்னால் வீட்டு விசயம் பேச முடியாது. அதனால் மழையும் ஜவ்வரிசிக்குப் போடுகிற குச்சிக்கிழங்கின் விலையும்தான் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். இனிமேல் அப்படி இல்லை.

நீ அனுப்பிய கேமராவை லாரி டிரைவர் கைலாசம் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். அம்மாவின் முகத்தைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று நீ கேட்டதாகச் சொன்னான். உனக்கும் மாமன் மகள் பொன்னாயிக்கும் வெற்றிலை பாக்கு மாற்றிய பிறகு நீ பம்பாயில் சுனந்தாவைக் கட்டிக்கொண்டாய். அன்றிலிருந்து உன் மாமன் நம் வீட்டுக்கு வருவதில்லை. "எம் பொறந்த ஊட்டு வாசலை அடைச்சவன் எங்கூட்டுப் படி மிதிக்கக் கூடாது" என்று உன் அம்மா அன்றைக்குச் சொன்னாள். இன்றுவரை அதை அவள் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் கேமராவைக் காட்டியதும், "எடுத்தா எடுத்துக்கங்க, நான் வேண்டாங்கறனா" என்றாள்.

எனக்கு அது போதும். நீ இந்த வாசலில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் நீ வராமல் இருக்க மாட்டாய்.

சேகோ மில் களத்தில்தான் எடுத்தேன். பெண்களை வைத்து ஜவ்வரிசி காயப்போடுவது இப்போதும் அவள் பொறுப்புத்தான். களம் முழுக்க வெள்ளை வெளேரென்று அரிசி கிடக்கிறது. நடுவில் அவளை நிறுத்தினேன். கூரை வீடு மாதிரி இருக்கிற இங்கிலீஷ் எழுத்தில் கேமராவின் வளையத்தை வைத்திருப்பதாகவும், பொத்தானை மட்டும் அமுக்கினால் போதும் என்றும் நீ சொல்லியிருந்தாய். அப்படியே செய்தேன். அத்தனை வெய்யிலில் முகம் தெரியாமலா போகும்? ரோலைக் கைலாசத்திடம் கொடுத்திருக்கிறேன்.

அப்பா
கந்தப்பன்


பம்பாய்
27-12-1981

அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தை உறையில் பார்த்ததும் யாருடையது என்று தெரியவில்லை. உள்ளே பிரித்தபின் தெரிந்தது. சுனந்தாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கடிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா, படங்கள் சரியாக வரவில்லை. நான் வேலை செய்கிற ஸ்டுடியோ இருட்டறையில் நானேதான் கழுவினேன். ஒன்றில்கூட அம்மாவின் முகம் இல்லை. சேலை தெரிகிறது, கை தெரிகிறது, முகம் இருக்கிற இடத்தில் கறுப்பு. பிரதிகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

தவறு உங்களுடையது அல்ல, என்னுடையது. அந்தக் கூரை எழுத்தில், அதாவது A-வில் வைத்தால் எவ்வளவு வெளிச்சம் உள்ளே விடுவது என்று கேமராவே முடிவு செய்துகொள்ளும். அதற்கு அம்மாவைத் தெரியாது. எதிரில் இருப்பது மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும். களம் முழுக்க ஜவ்வரிசி. ஐயோ, இவ்வளவு வெளிச்சமா என்று கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிழலில் இருக்கிற ஒரு முகம் அதன் கணக்கில் வராது. அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் களம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மறந்துபோனேன்.

இனி அந்த எழுத்தை விட்டு வளையத்தைத் திருப்புங்கள். 2, 4, 8, 16 என்று எண்கள் வரும். இடையிலும் சில எண்கள் உண்டு, அவை இப்போது வேண்டாம். இன்னொரு வளையத்தில் 250 என்று இருக்கும். அதைத் தொட வேண்டாம். முகம் நிழலில் இருந்தால் உள்ளே நிறைய வெளிச்சம் விட வேண்டும். வெய்யிலில் இருந்தால் குறைவாக. எந்த எண் என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். கேமரா செய்யாது. புதிய ரோல் அனுப்புகிறேன்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

அப்புசாமி


வெண்ணந்தூர்
20-1-1982

அன்பு மகன் அப்புசாமிக்கு,

பொங்கல் ஆயிற்று. கரும்பு வாங்கினோம். கடிக்க ஆள் இல்லை.

உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். உன் அம்மா கேட்காத மாதிரி முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தையில் தடுமாறி நின்றேன். "மேல படியுங்க, நின்னா என்ன அர்த்தம்" என்றாள். பிறகு, "சும்மா சத்தம் நின்னு போச்சேன்னு கேட்டேன்" என்றாள்.

கறுப்புப் படங்களைப் பார்த்துவிட்டு, "என்னுங்க இது, அமாவாசைலயா எடுத்தீங்க? மில்லுக்காரரு பாத்தா எம்பட அரிசி கறுத்துப் போச்சுன்னு சண்டைக்கு வருவாரு" என்றாள். ஆனால் அவற்றைத் தூக்கிப் போடவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

எண்களைப் படிக்க எனக்கு இப்போது பயம் இல்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பி எல்லா எண்ணையும் வாய்விட்டுப் படித்தேன். அது நகரும்போது கிடுக் கிடுக் என்று ஒரு சத்தம் வருகிறது. அதைக் கேட்கவே திருப்பலாம் போல இருக்கிறது. நீ சொன்னபடி யோசித்தேன். அவள் முகம் நிழலில் இருக்கிறது, நிறைய வெளிச்சம் விட வேண்டும். இருப்பதிலேயே பெரிய எண் 16. அதை அவளுக்குக் கொடுத்தேன். நாலும் எட்டும் கொடுத்துக் கஞ்சத்தனம் செய்யவில்லை. வெய்யிலில் நின்ற மற்ற பெண்களுக்குத்தான் 2 வைத்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். அம்மா உன்னைப் பற்றி நேராக எதுவும் கேட்கவில்லை. கைலாசத்திடம், "பம்பாயில நம்ம ஜவ்வரிசிய என்ன பண்றாங்க?" என்று கேட்டாள். விரத நாளில் அதைத்தான் ஆக்கித் தின்கிறார்கள் என்று அவன் சொன்னான். "எல்லார் ஊட்டுலயுமா?" என்று கேட்டாள். "எல்லார் ஊட்டுலயுந்தானுங்க" என்றான். அன்று சாயங்காலம் காயப்போட்ட அரிசியில் தூசி தும்பு எடுக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அப்பா
கந்தப்பன்


பம்பாய்
8-2-1982

அப்பாவுக்கு,

சிரிக்கவும் முடியவில்லை. இந்த முறை அம்மா முன்னைவிடக் கறுப்பு. மற்ற பெண்கள் வெளுத்துக் கரைந்துபோயிருக்கிறார்கள்.

எண் தலைகீழாக வேலை செய்யும் என்று நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் தினமும் பார்க்கிற விசயம், அதனால் சொல்லத் தோன்றவில்லை. அது பங்கு போடுகிற எண், அப்பா. ஒரு வெல்ல உருண்டையை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஒருவருக்கு வருவது பெரிய துண்டு. பதினாறு பேருக்கு வைத்தால் பொடிதான் வரும். லென்ஸ் திறக்கிற வாயும் அப்படித்தான். 16 என்றால் சின்ன வாய். 4 என்றால் பெரிய வாய். நீங்கள் அம்மாவுக்கு அதிகம் கொடுக்க நினைத்துக் குறைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று. அம்மாவைக் களத்து நடுவில் நிறுத்த வேண்டாம். களத்து ஓரத்தில் சாக்கு அடுக்குகிற கொட்டகை இருக்கிறதல்லவா? அதன் நிழலில், களத்தைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். நீங்கள் களத்தின் பக்கம் நின்று எடுங்கள். வெய்யில் ஜவ்வரிசியில் பட்டு, அங்கிருந்து அம்மா முகத்துக்கு மெதுவாக வரும். கேமராவை ஏமாற்றிய அதே அரிசிதான் அப்போது நமக்கு விளக்கு. 4 வையுங்கள். முந்தானை முகத்தை மறைக்காமல் இருந்தால் நல்லது. ஆனால் அதை நீங்கள் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குப் பிடிக்காது.

இரண்டு ரோலையும் சேர்த்துப் பார்த்தேன். முதல் ரோலில் அம்மா நிற்கிறாள். இரண்டாவதில் எல்லாப் படத்திலும் உட்கார்ந்திருக்கிறாள். மற்றவர்கள் கிளறுகிறார்கள், அம்மா கையில் கோல் இல்லை. களத்தில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. போட்டிருக்கிற ரவிக்கையும் ஏதோ பெரிய ஆளுடைய ரவிக்கையைப் போல இருக்கிறது. முகம் தெரியாததால் எனக்கு எதுவும் புரியவில்லை.

அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா? நேராகவே எழுதுங்கள்.

வந்துவிடலாம் என்று சுனந்தா தினமும் சொல்கிறாள். ஒரு வார்த்தை கூப்பிடாத வீட்டில் அவளை எப்படி நிறுத்துவேன்? படியில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அவள் தாங்குவாள். நான் தாங்க மாட்டேன்.

அப்புசாமி


வெண்ணந்தூர்
1-3-1982

அன்பு மகன் அப்புசாமிக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உன் கடிதத்தைத்தான் படித்துக் காட்டினேன். நீ கேட்ட கேள்வி வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, அந்த விசயம் உங்க கையால அவனுக்கு எழுதக் கூடாது. எம்மேல ஆணை" என்றாள்.

"கேக்கறானே புள்ள, என்ன எழுதட்டும்?"

"கெளங்கு வெலைய எழுதுங்க. அதச் சொல்லிக் கூப்புட்டா, பாவம்னு வருவான். பாவம்னு வாரவன் எனக்கு வேண்டாம். அவனா வாரதுன்னா வரட்டும்."

என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துக்கொண்டாள். சத்தியம் செய்துவிட்டேன். இந்த வயதில் எழுதக் கற்றேன். எழுத வேண்டிய ஒன்றே ஒன்றை எழுதாதே என்று சொல்லிவிட்டாள். அதனால் அதை நான் எழுத மாட்டேன். நீயும் திரும்பக் கேட்காதே.

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். கொட்டகை நிழலில் உட்காரவைத்தேன். களத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். வளையத்தை 4-இல் வைத்தேன். பெரிய துண்டு. மூன்று முறை குனிந்து சரிபார்த்தேன். முதல் முறையாக, கேமரா முடிவு செய்யாமல் நான் முடிவு செய்தேன்.

அரிசியின் வெளிச்சம் அவள் முகத்தில் வந்து விழுந்ததை நான் பார்த்தேன். நீ எழுதியது அப்படியே நடந்தது. எத்தனையோ வருசமாக அந்தக் களத்தில் இருக்கிறேன், அதை நான் பார்த்ததில்லை.

முந்தானையை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உன் கடிதத்தில் நீ அதைச் சொன்ன இடத்தை அவள் கேட்டிருந்தாள். நான் கண்ணருகே கேமராவைத் தூக்கியதும் அவளே தலையிலிருந்து முந்தானையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டாள். "ம், எடுங்க" என்றாள்.

எழுதக் கூடாது என்றுதான் சத்தியம் வாங்கினாள். படம் எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ரோல் கைலாசத்திடம் வருகிறது. உடனே கழுவிப் பார்.

அப்பா
கந்தப்பன்

கிழங்கு விலை இறங்கியிருக்கிறது. எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.


பம்பாய்
9-3-1982

அப்பாவுக்கு,

நேற்று இருட்டறையில் தாளை மருந்துத் தண்ணீரில் போட்டேன். முதலில் கண்கள் வந்தன. பிறகு கன்ன எலும்பு. பிறகு கழுத்து. விளக்கைப் போடாமல் அப்படியே நின்றேன்.

படம் நன்றாக வந்திருக்கிறது, அப்பா. ஒன்றும் குறை சொல்ல முடியாது.

நாளைக் காலை ரயிலில் நானும் சுனந்தாவும் புறப்படுகிறோம். இந்தக் கடிதத்துக்கு முன்பே நாங்கள் வந்தாலும் வந்துவிடுவோம். பாவம் என்று நான் வரவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இந்த முகம் என்னிடம் வந்துவிட்டது. இதற்குமேல் இங்கே உட்கார்ந்திருக்க எனக்கு முடியாது.

படியில் நிறுத்தினால் படியில் நிற்கிறோம்.

அப்புசாமி


பம்பாய்
2-8-1982

அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்து சாமான்களை இறக்கியபோது, நீங்கள் கட்டிக்கொடுத்த ஜவ்வரிசிப் பையைச் சுனந்தா பிரித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே நிலக்கடலை போட்டு அவள் அம்மாவுக்கு அதைக் கிளறிக்கொடுத்த அன்று, "இத்தன வருசம் காயப்போட்டுக் காயப்போட்டு அனுப்பிச்சனே, இப்படியும் திங்கலாம்னு ஒருத்தரும் சொல்லலியே" என்று அம்மா சொன்னதை நான்தான் அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா அதிகமாகச் சாப்பிட்ட கடைசி நாள் அதுதான்.

படியில் நிறுத்துவாள் என்று பயந்துகொண்டு வந்தேன். கட்டிலில் படுத்தபடியே சுனந்தாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சாமி, இவ்வளவு ஒல்லியா இருக்கறா, உங்கூட்டுல சோறு போட மாட்டியா?" என்று அம்மா கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் நாள் கடந்துவிட்டது என்று சொன்னார்கள். இருந்தாலும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் அம்மாவுடன் எனக்குக் கிடைத்தன. நீங்கள் வளையத்தைத் திருப்பியதால் கிடைத்தன.

கருமாதிக்கு மாமனும் பொன்னாயியும் வந்து உட்கார்ந்ததை அம்மா பார்த்திருக்க வேண்டும்.

கேமராவில் இருந்த கடைசி ரோலை இன்று கழுவினேன். அதில் ஒரு படத்தைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். சித்திரையில் ஒரு நாள் களத்துக்குப் போக வேண்டும் என்று அம்மா கேட்டாள். நான் தூக்கிக்கொண்டு போய் அரிசி நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் எடுத்தீர்கள். அம்மாவும் நானும் சேர்ந்து இருக்கிற படம் அது ஒன்றுதான்.

அப்பா, அதில் வளையத்தைக் கூரை எழுத்திலேயே விட்டுவிட்டீர்கள். மற்ற எல்லாப் படமும் நன்றாக இருக்கிறது. இது மட்டும் முதல் ரோலைப் போல இருக்கிறது. அம்மா முகமும் கறுப்பு, என் முகமும் கறுப்பு. அன்றைக்கு நீங்கள் இருந்த நிலையில் மறந்துபோனது இயற்கைதான். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

இருட்டறையில் சில வழிகள் இருக்கின்றன. முகம் இருக்கிற இடத்தை மட்டும் கையால் மறைத்து மறைத்துப் பிரதி எடுத்தால் கொஞ்சம் வெளுக்கும். அம்மாவின் முகம் மங்கலாகவாவது வரும். இரண்டு வாரம் கழித்து முயன்று பார்க்கிறேன்.

நீங்கள் சாப்பிடுகிறீர்களா? வகுப்புக்குப் போகிறீர்களா?

அப்புசாமி


வெண்ணந்தூர்
10-8-1982

அன்பு மகன் அப்புசாமிக்கு,

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. உடனே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரத்துக்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும். அதனால் இன்று எழுத்து கோணலாக இருக்கும்.

சாப்பிடுகிறேன். வகுப்புக்கும் போகிறேன். உரக்கப் படித்தால் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஆனாலும் உரக்கத்தான் படிக்கிறேன்.

அந்தப் படத்தை வெளுக்கவைக்காதே, சாமி. நான் மறக்கவில்லை.

அன்றைக்கு நீ நாற்காலியை எடுக்கக் கொட்டகைக்குப் போனாய். அவள் என்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். நான் வளையத்தை எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தேன். நடு வெய்யில், முந்தானை நிழல் என்று பார்த்து 4 வைத்திருந்தேன். உன் கடிதம் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த வளையம் அத்துப்படி.

"ஏனுங்க, எத்தனைல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நாலுல."

"அந்தக் கூரை எழுத்துக்குத் திருப்புங்க."

"அதுல மொகம் தெரியாதே புள்ள."

"தெரிய வேண்டாம். எனக்கு அழுவாச்சி வருது. அவன் எம்முதுகுக்குப் பின்னால நிக்கப் போறான், அவனுக்குத் தெரியாது. படத்துலயும் தெரிய வேண்டாம்."

நான் திருப்பினேன். நீ நாற்காலியோடு வந்தாய். அவளை உட்காரவைத்துத் தோளைப் பிடித்தாய். உன் கை பட்டதும் அவள் அழத் தொடங்கினாள். சத்தமே இல்லை. உன்னைப் பெற்ற நாளிலும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கண்ணாடித் துளை வழியாக நான் மட்டும்தான் பார்த்தேன். கேமராவுக்குக்கூடத் தெரியாதபடிதான் பொத்தானை அமுக்கினேன்.

அது கறுப்பாகவே இருக்கட்டும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. கொட்டகையில் எடுத்த முகத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

அவள் வியாதியை எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். உன் கை பட்டு அவள் அழுததை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் எழுதிவிட்டேன்.

அப்பா
கந்தப்பன்